நோயெதிர்ப்பியல் ஒட்டாமல் இருக்க மாணவர்களுக்குத் தடுப்பூசி போடுவது எப்படி?

காரைக்கால் கோவில்பத்தில் வீடு பிடித்தாகிவிட்டது. பார்வதீஸ்வரர் கோயிலில் அர்ச்சனையும் முடிந்தது. தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், பைக்கை எங்கே நிறுத்தலாம் என்பதெல்லாம் வீட்டுக்காரம்மா சொல்லிவிட்டார். திங்கட்கிழமை காலை உங்கள் முதல் வகுப்பு. இரண்டாம் ஆண்டு எம்.பி.பி.எஸ்., மைக்ரோபயாலஜி, தலைப்பு ‘நோயெதிர்ப்பு மண்டலம்: ஓர் அறிமுகம்’. உங்களுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் விட்டுப்போன பென்டிரைவ் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதைத் திறக்குமுன் இந்தக் கையேட்டை ஒருமுறை படித்துவிடுங்கள்.

எந்தக் கல்லூரி என்ற கவலை வேண்டாம். காரைக்காலில் ஜிப்மரின் கிளையே 2016-இல் வந்துவிட்டது, ஊரில் வெள்ளைக் கோட்டுக்குப் பஞ்சமில்லை. பென்டிரைவ் மட்டும் கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை ஒன்றேதான். அதே நீலப் பின்னணி, அதே மஞ்சள் எழுத்து.

உங்கள் நோக்கம் தெளிவாக இருக்கட்டும். இந்தப் பாடம் வாழ்நாள் முழுக்க மாணவர்களைத் தொற்றக் கூடாது. தடுப்பூசியின் இலக்கணம் உங்களுக்கே தெரியும். உயிருள்ள கிருமியைச் செலுத்தினால் பற்றிக்கொள்ளும், ஆகவே கொன்றோ வலுவிழக்கச் செய்தோதான் செலுத்த வேண்டும். பாடத்துக்கும் அதே விதி. முதல் வகுப்பிலேயே பாடத்தைக் கொன்றுவிட்டு, அதன் உடலை மட்டும் அளவாகச் செலுத்துங்கள்.

கொல்வதற்குச் சிறந்த ஆயுதம் எண்கள். சிடி1-இல் தொடங்குங்கள். வெள்ளையணுக்களின் மேற்பரப்பு மூலக்கூறுகளுக்கு வைத்த இந்த வரிசை எண் 370-ஐத் தாண்டிவிட்டது. உங்களுக்கு ஐம்பதே நிமிடம், ஒரு எண்ணுக்கு எட்டு விநாடிதான் வரும். மூச்சு விடாமல் போக வேண்டும். மிச்ச நேரம் இருந்தால் இன்டர்லூக்கின் அட்டவணை: எது சுரக்கிறது, எங்கே சுரக்கிறது, எதைத் தூண்டுகிறது, எதை அடக்குகிறது. சிடி4 என்ற எண் எதற்காக ஒரு மனிதனின் உயிரோடு சம்பந்தப்படுகிறது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொல்ல ஆரம்பித்தால் எய்ட்ஸ் வந்துவிடும், 1986-க்குப் போக வேண்டிவரும். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் மேற்பார்வையில் நிர்மலா என்ற முதுகலை மாணவி பெண்களிடம் ரத்த மாதிரி சேகரித்ததும், வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது அதில் ஆறு பேருக்கு ஆன்டிபாடி தெரிந்ததும், இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி இருக்கிறது என்று அப்படித்தான் முதன்முதலாகத் தெரியவந்ததும் வகுப்பில் வந்துவிடும். உங்கள் எதிரிலும் மாணவிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு மாணவி செய்த வேலை என்று கேட்டால் அவர்களுக்குத் தூக்கம் கலையும்.

அடுத்தது ராணுவ ஸ்லைடு. இதை எக்காரணம் கொண்டும் விடக் கூடாது. தோல் கோட்டைச் சுவர், நியூட்ரோஃபில் காலாட்படை, டி செல் தளபதி, ஆன்டிபாடி ஏவுகணை. ஐந்தாம் வகுப்பிலிருந்து கேட்டு வந்த கதை என்பதால் எல்லோரும் தலையாட்டுவார்கள். தலையாட்டியபின் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், அதுதான் இதன் அருமை. படை பெருத்தால் நல்லது, சக்தி கூடினால் நல்லது, ‘பூஸ்ட்’ பண்ணினால் ரொம்ப நல்லது என்ற முடிவுக்கு அவர்களே வந்துவிடுவார்கள். கொரோனா காலத்தில் நிலவேம்பிலிருந்து நெல்லிக்காய் வரை எல்லாவற்றையும் ‘இம்யூனிட்டி பூஸ்டர்’ என்று விற்றவர்களுக்கு நாம்தான் முன்கூட்டியே விளம்பரம் செய்து கொடுத்தோம்.

இந்த ஸ்லைடு பத்திரமாக இருக்க வேண்டுமானால், யானைக்கால் நோயாளி யாரும் வகுப்பின் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காவிரி டெல்டாவில் அது கொஞ்சம் சிரமம்தான். இந்தப் பக்கத்துப் பழைய நோய் அது. புதுச்சேரியில் 1975-இலிருந்து பூச்சிவழி நோய்களுக்கென்றே ஒரு மத்திய ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. நிணநீர்க் குழாய்க்குள் விரல் நீளப் புழு ஆணும் பெண்ணுமாகக் குடும்பம் நடத்துகிறது, வருஷக்கணக்கில். அதன் குஞ்சுகள் ராத்திரியில் ரத்தத்தில் திரியும், அதனால்தான் சுகாதாரப் பணியாளர்கள் பத்து மணிக்கு மேல் வீட்டுக் கதவைத் தட்டி விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். அந்த ரத்த ஸ்லைடில் குஞ்சுகள் கும்பலாகத் தெரிகிறவர் பெரும்பாலும் காலில் வீக்கமே இல்லாமல் நடமாடுவார். கால் தூண் மாதிரி பெருத்தவரின் ரத்தத்திலோ பல சமயம் ஒரு குஞ்சுகூட அகப்படாது. முதலாமவருடைய நோயெதிர்ப்பு மண்டலத்தைப் புழு தாலாட்டி வைத்திருக்கிறது. இரண்டாமவருடையது புழுவை எதிர்த்து எதிர்த்து, அவர் காலையே கெடுத்துவிட்டது. மேலே பாக்டீரியாத் தொற்று வேறு. ‘அப்போ சண்டை போடாதவர்தானே சார் நல்லா இருக்கார்?’ என்று பின்வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்பான். உங்கள் தளபதியும் ஏவுகணையும் அந்த நிமிஷமே மதிப்பிழந்துவிடும்.

பாடத்தைத் துண்டுபோட்டு வைத்திருப்பது நமக்குப் பெரிய சௌகரியம். எம்.பி.பி.எஸ்.ஸில் நோயெதிர்ப்பியல் தனிப் பாடம் இல்லை. இம்யூனோகுளோபுலின் வடிவத்தை பயோகெமிஸ்ட்ரி சொல்லும், வெள்ளையணுக்களை பிசியாலஜி சொல்லும், அலர்ஜியையும் தன்னெதிர்ப்பு நோய்களையும் பேத்தாலஜி சொல்லும், மிச்சத்தை அனந்தநாராயணன்–பணிக்கர் புத்தகத்தின் ஒரு பகுதியாக நாம் சொல்வோம். ‘இது உங்களுக்கு ஃபர்ஸ்ட் இயர்லயே நடத்தியிருப்பாங்க’ என்று நாமும், ‘இது மைக்ரோல வரும்’ என்று அவர்களும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே வந்தால் யாரும் நடத்தாமலே பாடம் முடிந்துவிடும்.

வரலாறு கேட்டால் ஜென்னர், பாஸ்டர் என்று இரண்டு பெயர், இரண்டு தாடியில்லாத–தாடியுள்ள படங்கள் போதும். கோழிக் கதையை மட்டும் சொல்லாதீர்கள். அது உங்களுக்கே வினையாக முடியும். ஆனாலும் எச்சரிக்கைக்காகச் சொல்லி வைக்கிறேன். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1950-களில் புரூஸ் கிளிக் என்று ஒரு ஆராய்ச்சி மாணவர். கோழியின் ஆசனவாய் அருகே இருக்கும் சின்னப் பை எதற்கு என்பது அவர் கேள்வி. இத்தாலியர் ஃபாப்ரிசியஸ் முந்நூறு வருஷத்துக்கு முன்பே வர்ணித்துவிட்டுப் போனதால் ‘ஃபாப்ரிசியஸின் பை’ என்று பெயர் மட்டும் இருந்தது, வேலை என்னவென்று யாருக்கும் தெரியாது. கிளிக் குஞ்சுகளுக்கு அந்தப் பையை வெட்டி எடுத்துவிட்டு வளர்த்துப் பார்த்தார். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கோழிகள் கூண்டில் சும்மா கிடந்தன.

அங்கேதான் வகுப்பு குறுக்கே வருகிறது. திமத்தி சாங் என்ற சக மாணவர், கோழிக்கு சால்மொனெல்லா ஆன்டிஜென் போட்டால் ஆன்டிபாடி எப்படி உண்டாகிறது என்று மாணவர்களுக்குச் செய்து காட்ட வேண்டியிருந்தது. கோழி போதவில்லை. கிளிக்கிடம் சும்மா கிடந்தவற்றை வாங்கிக்கொண்டு போனார். ஊசி போட்டார். சில கோழிகள் செத்தன. பிழைத்தவற்றின் ரத்தத்தைச் சோதித்தால் ஆன்டிபாடி இல்லை. நம்மைப் போன்ற ஆசிரியராக இருந்தால் என்ன செய்திருப்போம்? ‘ரிசல்ட் சரியா வரலப்பா, வந்ததா எழுதிக்கோங்க’ என்று ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்போம். அவர்களோ எந்தெந்தக் கோழிக்குப் பை இல்லை என்று சரிபார்த்தார்கள். ‘சயின்ஸ்’ இதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. 1956-இல் ‘பவுல்ட்ரி சயின்ஸ்’ என்ற கோழிப்பண்ணை இதழில் வந்தது. மனித மருத்துவர்கள் அதை எங்கே படிக்கப் போகிறார்கள்? 1961-இல் ஜாக் மில்லர் எலியின் தைமஸ் சுரப்பியை எடுத்துப் பார்த்து அதன் வேலையைக் கண்டார். 1965-இல் மேக்ஸ் கூப்பர் மறுபடி கோழியைப் பிடித்து இரண்டையும் சேர்த்துக் காட்டியபின்தான் இரு வகை லிம்ஃபோசைட்டு என்பது நிலைத்தது. தைமஸின் முதலெழுத்தில் டி, அந்தப் பையின் லத்தீன் பெயரான ‘பர்சா’வின் முதலெழுத்தில் பி. உங்கள் ஸ்லைடில் வெறுமனே இரண்டு வட்டமாக நிற்கிற டி செல்லும் பி செல்லும் அவைதான். அதில் ஒரு வட்டம், சொதப்பிப்போன செயல்முறை வகுப்பில் பிறந்தது. இதைக் கேட்ட மாணவன் உங்கள் சொதப்பலையும் கூர்ந்து பார்க்க ஆரம்பிப்பான்.

‘தான்–பிறன்’ என்று ஒரு ஸ்லைடு வரும். நோயெதிர்ப்பு மண்டலம் தன்னுடையதை விட்டுவிடும், பிறத்தியாருடையதைத் தாக்கும் என்று இரண்டே வரியில் முடியுங்கள். நின்று பேசினால் ஊர்க் கதை வந்துவிடும். கோவில்பத்துதான் தேவாரத்துத் திருத்தெளிச்சேரி. ஞானசம்பந்தர் இங்கே பாடிவிட்டுப் போதிமங்கை வழியாகப் போனபோது பௌத்தர்கள் வாதுக்கு நின்றார்கள் என்கிறது பெரியபுராணம். ‘தான்’ என்று நிலையான ஒன்று கிடையாது என்ற கட்சிக்காரர்கள் அவர்கள். வாதில் யார் ஜெயித்தார்கள் என்று சேக்கிழார் தீர்த்துச் சொல்லிவிட்டார். நோயெதிர்ப்பியல்காரர்கள் இன்னும் தீர்த்தபாடில்லை. குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியா குடியிருக்கிறது, மண்டலம் பெரும்பாலும் கண்டும் காணாமலும் இருக்கிறது. கர்ப்பத்தில் இருக்கும் பிள்ளையின் பாதி மரபணு அப்பாவுடையது, பத்து மாதம் தாயின் உடம்பு அதைத் தாங்குகிறது. பிறத்தியார் என்றால் அடி என்பதுதான் சட்டமென்றால் நாம் யாரும் பிறந்திருக்கவே முடியாது.

இன்னும் மோசமான உண்மை ஒன்று உண்டு. டி செல், பி செல்களின் ஏற்பிகள் கிருமியைப் பார்த்துச் செய்யப்படுபவை அல்ல. மரபணுத் துண்டுகளைக் குருட்டாம்போக்கில் வெட்டி ஒட்டி, கிருமி வருவதற்கு முன்பே லட்சோபலட்ச வகையாகத் தயாராகிவிடுகின்றன. சுசுமு டோனெகாவா இதைக் காட்டி 1987-இல் நோபல் வாங்கினார். குருட்டாம்போக்கில் செய்தால் நம் உடம்பையே தாக்குகிறவையும் அதில் இருக்கத்தானே செய்யும்? இருக்கின்றன. தைமஸில் உருவாகும் டி செல்களில் மிகப் பெரும்பாலானவை வெளியே வராமலே சாகின்றன. உபயோகமில்லாததும் சாகும், ஆபத்தானதும் சாகும். அதற்கும் தப்பி வெளியே வருகிறவற்றை அடக்கி வைக்கத் தனியாக ஒரு வகை டி செல். அதைக் கண்டறிந்த ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025-இல்தான் நோபல் வந்தது. அடிக்கிற வேலையைவிட அடிக்காமல் இருக்கிற வேலை பெரிது என்று தெரிந்துவிட்டால் உங்கள் 50 நிமிடத் திட்டம் முழுவதும் கெட்டுப்போகும். மாணவர்கள் கேட்டால் ‘சிலபஸ்ல இல்ல’ என்று சொல்லிவிடுங்கள். சிலபஸில் இருந்தாலும் அப்படியே சொல்லுங்கள்.

சட்டைக் கையைத் தூக்கி இடது தோளைப் பார்க்கச் சொல்லவே சொல்லாதீர்கள். அநேகமாக ஒவ்வொருவர் தோளிலும் பி.சி.ஜி. தழும்பு இருக்கும். பிறந்த சில நாளில் போட்ட ஒரு துளி, வலுவிழக்கச் செய்த உயிருள்ள கிருமி, சில வாரம் கழித்துச் சின்னக் கட்டியாகி, உடைந்து, ஆறி விட்டுப்போன வடு. மேக்ரோஃபேஜ்களும் டி செல்களும் சேர்ந்து செய்த காரியத்தின் கையெழுத்து, மைக்ராஸ்கோப் இல்லாமலே பார்க்கலாம். அதைப் பார்த்ததும், ‘சார், இது காசநோயைத் தடுக்குமா?’ என்று கேட்பார்கள். 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் லட்சக்கணக்கானவர்களை வைத்துத் தொடங்கிய ஆய்வைச் சொல்ல வேண்டியிருக்கும். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அங்கே பி.சி.ஜி. தடுக்கவில்லை. பதினைந்து வருஷம் பின்தொடர்ந்து பார்த்தும் அதே பதில்தான். ஆனால் கைக்குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோய்க்கு அது காப்பு என்பதால் இன்றும் போடுகிறோம். ‘தடுப்பூசி போட்டால் நோய் வராது’ என்ற ஒற்றை வரியில் தேர்வெழுதும் பிள்ளையை இப்படிக் குழப்பலாமா?

எல்லாவற்றையும்விட ஆபத்தான இடம் அரசு மருத்துவமனையின் நாய்க்கடி ஊசி வரிசை. தப்பித்தவறி வகுப்பை அங்கே கூட்டிக்கொண்டு போய்விட்டால் ஒரே காலையில் மொத்தப் பாடமும் அவர்களுக்குத் தொற்றிவிடும்.

பக்கத்துக் கிளிஞ்சல்மேட்டிலிருந்து வந்த ஒருவர் என்று வையுங்கள். கெண்டைக்காலில் பல் இறங்கி ரத்தம் வந்திருக்கிறது. நர்ஸ் இரண்டு தோளிலும் தோலுக்குள்ளேயே ஊசியைச் சாய்த்து தோளுக்கு 0.1 மில்லி போடுகிறார். தோல் வெளுத்துச் சின்னதாக மேலெழும்புகிறது. அது எழும்பாவிட்டால் ஊசி ஆழமாகப் போய்விட்டது என்று அர்த்தம், வேறிடத்தில் மறுபடி போட வேண்டும். சதையில் போட்டால் ஒரு முழு வயல் தேவைப்படுகிற மருந்து, தோலில் இவ்வளவு குறைவாக இருந்தும் எப்படிப் போதும்? தோலில் டென்ட்ரிட்டிக் செல்கள் நிறைய. அவை ஆன்டிஜெனை விழுங்கி, அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுபோய், பொருந்துகிற டி செல்லைத் தேடிக் காட்டும். அந்த டி செல் பி செல்லுக்கு உதவும். முதலில் ஐஜிஎம், பிறகு ஐஜிஜி. பதினான்கு நாளுக்குள் போதிய அளவு ஆன்டிபாடி சேர்ந்துவிடும். 0, 3, 7, 28 என்று நாள் குறித்த அட்டையை அவர் சட்டைப்பையில் மடித்து வைக்கிறார். அந்த நாள்களின் இடைவெளியில்தான் ஞாபகச் செல்கள் உருவாகின்றன.

சரி, அந்தப் பதினான்கு நாள் ரேபிஸ் வைரஸ் என்ன செய்யும்? நரம்பைப் பிடித்துக்கொண்டால் மூளையை நோக்கி ஏறும். நரம்புக்குள் நுழைந்துவிட்டால் ஆன்டிபாடி எட்டாது. அதனால்தான் காயத்தைச் சுற்றியே இம்யூனோகுளோபுலின் குத்துகிறார்கள். அது அவருடையது அல்ல, இன்னொரு மனிதரிடமிருந்தோ குதிரையிடமிருந்தோ எடுத்த தயார்நிலை ஆன்டிபாடி. சில வாரத்தில் கரைந்துவிடும், ஞாபகம் வைக்காது. முதல் ஊசிக்கு ஏழு நாள் கழித்து வந்து கேட்டால் கொடுக்கமாட்டார்கள். அதற்குள் உடம்பு தானே தயாரிக்கத் தொடங்கியிருக்கும், கடன் வாங்கியது சொந்த உற்பத்தியைக் கெடுக்கும். சொந்தமாகச் செய்ததும் கடனாக வாங்கியதும், ஐஜிஎம்மும் ஐஜிஜியும், தோலும் நிணநீர் முடிச்சும், ஞாபகமும் என்று நீங்கள் ஆறு வகுப்பில் கொல்லத் திட்டமிட்டிருந்ததெல்லாம் இந்த மனிதரின் ஒரு காலிலும் இரண்டு தோளிலும் உயிரோடு இருக்கிறது.

வரிசையில் வயதானவர் யாராவது, ‘எங்க காலத்துல தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி’ என்று ஆரம்பிப்பார். அவரை உடனே வேறு பக்கம் அனுப்பிவிடுங்கள். அது டேவிட் செம்பிள் 1911-இல் கசௌலியில் செய்த முறை. ஆட்டு மூளையில் வைரஸை வளர்த்து, ஃபினால் கலந்து கொன்று போடுவது. நம் பக்கத்துக்குக் குன்னூர் பாஸ்டர் நிலையம்தான் ஆதாரம், 1907-இல் தொடங்கியது. ஏராளமான உயிர்களை அந்த ஊசி காப்பாற்றியது. சிலருக்கோ ஊசியில் இருந்த ஆட்டு மூளையின் மயலினைப் பார்த்துப் பழகிய நோயெதிர்ப்பு மண்டலம், அவர்களுடைய மூளையிலும் தண்டுவடத்திலும் இருக்கும் மயலினையே தாக்கியது. நாய்க்கடிக்கு ஊசி போட்டு, நாய்க்கடி நோய் வராமல், பக்கவாதம் வந்தது. மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் ஆராய்ச்சிக்கு இன்றும் அடிப்படையான விலங்குச் சோதனை, இந்த விபத்தின் காரணத்தைத் தேடப்போய்த்தான் 1930-களில் பிறந்தது. இந்தியா அந்த ஊசித் தயாரிப்பை 2004-இன் கடைசியில்தான் நிறுத்தியது. பாருங்கள், தன்னெதிர்ப்பு நோயும் வந்துவிட்டது. பேத்தாலஜிக்காரர்களுக்கு மிச்சம் வைக்க வேண்டாமா?

இத்தனையும் தவிர்த்து, எண்களையும் ஏவுகணையையும் ஒழுங்காகச் செலுத்திவிட்டீர்கள் என்றால், இன்டர்னல் மார்க் என்ற அட்ஜுவன்ட்டைச் சேர்த்துவிடுங்கள். அது இல்லாமல் எந்தச் செத்த பாடமும் பிடிக்காது. ‘ஐஜிஎம் – சிறுகுறிப்பு வரைக’, ‘காம்ப்ளிமென்ட் – படம் வரைந்து பாகங்களைக் குறி’. அரியர் தேர்வு பூஸ்டர் டோஸ். இரண்டு பூஸ்டருக்குப் பிறகு ‘இம்யூனாலஜி’ என்ற சொல்லைக் கேட்டாலே உடம்பு சிலிர்த்து விலகும் நிரந்தரப் பாதுகாப்பு ஏற்பட்டுவிடும்.

பலித்ததா என்று சோதிக்க மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். ராத்திரி டியூட்டியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜனிடம் கையில் நாய் கடித்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் வருவார். ‘ஊசி போட்டாச்சும்மா, காயத்துல வேற ஊசியெல்லாம் எதுக்கு, பிள்ளைக்கு வலிக்கும்’ என்று அவர் சொல்லி அனுப்பினால் உங்கள் தடுப்பூசி நன்றாகப் பிடித்திருக்கிறது.

இனி வருவது கேலி இல்லை. நாய் கடித்தாலோ நகத்தால் கீறி ரத்தம் வந்தாலோ, மஞ்சளும் சுண்ணாம்பும் வைக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தம் வந்த காயமாக இருந்தால், காயத்தில் இம்யூனோகுளோபுலின் போட வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். அட்டையில் குறித்த நாள்களில் ஒன்றைக்கூடத் தவறவிடாதீர்கள். நோய்க்குறி தெரிந்தபின் ரேபிஸுக்கு மருந்து கிடையாது.